கேட்கப்படாத மௌனம்

ஆண்டு முடிகின்ற வேளையில் கடைக்காரர் தம் பேரேட்டைப் புரட்டிப் பார்ப்பார். எழுதுகின்றவனுக்கும் அப்படியொரு வழக்கம் உண்டு. கழிந்த ஓராண்டில் நமக்கு நேர்ந்தவற்றை எண்ணிப் பார்க்கின்றோம். முப்பத்தைந்து ஆண்டுகள் பார்த்த இரயில்வே உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றோம். நமது இருபத்தைந்தாவது காதல் நாவல் நூலாக வெளிவந்தது. நாம் பேசி முடித்து வைத்திருந்த சம்பந்தத்தை நமது மகள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். முதல் இரண்டுக்கும் உற்றார் உறவினர் வாழ்த்துச் சொன்னார்கள். மூன்றாவதற்கு ஆறுதல் சொன்னார்கள். அந்த மூன்றாவதுதான் இவ்வாண்டில் நாம் பெற்ற பெரும் பேறு என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்ல அப்போது நமக்கு வாய் வரவில்லை. இப்போது சொல்ல முயல்கின்றோம்.

நமது ஊர் போத்தனூர். கோயம்புத்தூருக்கு வருகின்றவர்கள் பெரும்பாலும் இவ்வூரைச் சன்னல் வழியே பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் இருப்புப்பாதையின் கணக்கில் கோவைக்கு மூத்தது போத்தனூரே. சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் போடப்பட்ட பாதை 1862இல் இவ்வழியே சென்றது. கோவை நகரத்தைத் தொட்டு மேட்டுப்பாளையம் செல்லும் கிளைப்பாதை 1873இல்தான் வந்தது. பாலக்காட்டுப் பக்கம், ஈரோட்டுப் பக்கம், பொள்ளாச்சிப் பக்கம் என்று பாதைகள் பிரிகின்ற சந்திப்பு இது. பார்சல் அலுவலகத்தில் எழுத்தராக 1989இல் பணியேற்றோம். இரவுப் பணியில் இரண்டு வண்டிகளுக்கு இடையே கிடைக்கும் நேரம் நமக்குக் கதை எழுதும் நேரமாயிற்று. வழியனுப்ப வந்தவர்கள் வண்டி நகர்ந்த பிறகும் நின்றுகொண்டிருப்பார்கள். அந்த நிற்பைப் பார்த்துப் பார்த்துத்தான் எழுதக் கற்றோம்.

இந்த நிலையத்துக்கு வேறொரு நினைவும் உண்டு. 1921 நவம்பரில் திரூரில் கைதிகளை ஏற்றி அடைத்த சரக்குப் பெட்டியொன்று இங்கே திறக்கப்பட்டது. காற்றுப் புகாத அப்பெட்டியில் வந்த நூறு பேர் அளவிலான மாப்பிள்ளை முஸ்லிம்களில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மூச்சுத் திணறி மாண்டார்கள். அதைக் கதையாக எழுதும்படி நண்பர்கள் பலமுறை தூண்டியதுண்டு. நாம் துணியவில்லை. காதல் கதைக்காரன் கை வைக்கக் கூடாத இடங்களும் உண்டு என்று இருந்துவிட்டோம்.

நாம் எழுதத் தொடங்கிய காலம் மாத நாவல்களின் காலம். கையடக்கமான புத்தகம், மெல்லிய தாள், அட்டையில் ஒரு பெண்முகம். இரயில் நிலையத்துப் புத்தகக் கடைகளில் அவை துணிக்கயிற்றில் கவ்வி மாட்டப்பட்டுத் தொங்கும். கோவையிலேயே வாழும் இராஜேஷ்குமார் துப்பறியும் கதைகளால் அக்கடைகளை நிரப்பிக்கொண்டிருந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாவல்களைத் தந்தவர் அவர். நமக்குக் கொலையும் வராது, துப்பும் வராது. காதல் வந்தது.

காதல் வந்ததே தவிர, நமது பெயரைப் போட்டுக்கொள்ளத் துணிவு வரவில்லை. ஜமாஅத்தில் பெரியவர்கள் என்ன சொல்வார்கள், பெண் கொடுத்த வீட்டார் என்ன நினைப்பார்கள் என்ற அச்சம். ஆகவே ஒரு பெண் பெயரைப் புனைபெயராகச் சூடிக்கொண்டோம். தமிழுக்கு இது புதிதன்று. ரங்கராஜன் என்ற பொறியாளர் தம் மனைவியின் பெயரில் ‘சுஜாதா’வாகி நாடறிந்தவரானார். நமது புனைபெயரை நாடறியவில்லை. வாசகியர் சிலர் அறிந்தார்கள். “அக்கா, என் மனதில் உள்ளதை அப்படியே எழுதியிருக்கிறீர்கள்” என்று கடிதம் எழுதினார்கள். அக்கடிதங்கள் பதிப்பகத்தின் வழியே வரும். அவற்றைப் படித்து மகிழ்ந்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. பெண்மனம் நமக்குக் கைவந்த கலை என்று நம்பவும் தொடங்கினோம்.

உறவினர் சிலருக்கு எப்படியோ செய்தி தெரிந்துவிட்டது. “முஸ்லிம் வீட்டுப் பிள்ளை காதல் கதை எழுதலாமா?” என்று கேட்டார்கள். அதற்கு நம்மிடம் விடை ஆயத்தமாகவே இருந்தது. சீறாப்புராணத்தைத் திறந்து பாருங்கள் என்போம். பதினேழாம் நூற்றாண்டிலே உமறுப்புலவர் விலாதத்துக் காண்டத்தில் அன்னை கதீஜா (ரலி) அவர்கள் கண்ட கனவுக்கு ஒரு படலமும் மணத்துக்கு ஒரு படலமும் வகுத்தார். குணங்குடி மஸ்தான் சாகிபு இறைவனைத் தேடிய தேட்டத்தையே மனோன்மணி என்னும் காதலியாக்கி அழைத்தார். நமது பாட்டிமார் கிஸ்ஸாக்களைப் பாடக் கேட்டு வளர்ந்தவர்கள். இவ்வாறெல்லாம் வாதாடிவிட்டு, கடைசியாக ஒரு பெயரைச் சொல்லுவோம்: நாகூர் சித்தி ஜுனைதா பேகம்.

1917இல் பிறந்த அந்த அம்மையார் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை. வீட்டுக்குள் இருந்தே படித்தார். வீட்டுக்குள் இருந்தே எழுதினார். 1938இல், இருபத்தோரு வயதளவில், ‘காதலா கடமையா’ என்ற நாவலை வெளியிட்டார். தமிழ்த்தாத்தா உ.வே. சாமிநாதையர் அதற்கு முன்னுரை வழங்கினார். தமிழில் நாவல் எழுதிய முதல் முஸ்லிம் பெண்மணி என்று அவர் போற்றப்படுகின்றார். 1998இல் மறையும் வரை எழுத்தின் மீதிருந்த பற்றை அவர் விடவில்லை. இங்கே வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோஷாவுக்குள் இருந்த அந்தப் பெண்மணி, காதல் என்ற சொல்லைத் தலைப்பிலேயே வைத்து, அதைத் தம் சொந்தப் பெயரில் வெளியிட்டார். அறுபது ஆண்டுகள் கழித்து, ஆணாகப் பிறந்து, மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த நாம் பெண் பெயருக்குப் பின்னே ஒளிந்திருந்தோம். அவரை மேற்கோளாகக் காட்டிய போதெல்லாம் இது நமக்கு உறைக்கவில்லை.

இனி மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் கணக்கு ஆசிரியை. பத்தாம் வகுப்பில் படிக்கும் போதிலிருந்தே நமது அச்சுப் படிகளைத் திருத்திக் கொடுப்பவள் அவளே. ஒற்றுப்பிழை அவள் கண்ணுக்குத் தப்பாது. அத்துடன், மூன்றாம் அத்தியாயத்தில் வெள்ளிக்கிழமை என்று சொன்னதை ஐந்தாம் அத்தியாயத்தில் சனிக்கிழமை ஆக்கிவிட்டால் அதையும் பிடித்துவிடுவாள்.

நாம் ஓய்வு பெற்ற மறுமாதம் பொள்ளாச்சியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மார்க்கப் பற்றுள்ள குடும்பம். பையன் படித்தவன், சொந்தத் தொழில். கைக்கூலி என்ற பேச்சே இல்லை என்று அவர்களே முதலில் சொல்லிவிட்டார்கள். இக்காலத்தில் இப்படியொரு இடம் வாய்ப்பது அரிது. இரண்டாம் சந்திப்பிலேயே நாம் வாக்குக் கொடுத்துவிட்டோம். வீட்டுக்கு வந்து சொன்னபோது மகள் ஒன்றும் பேசவில்லை. தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். நாணம் என்று எண்ணிக்கொண்டோம். நமது நாவல்களில் கதாநாயகி அப்படித்தான் போவாள்.

அந்த வாரத்தில்தான் இருபத்தைந்தாவது நாவலின் அச்சுப்படி வந்தது. வழக்கம்போல மகளிடம் கொடுத்தோம். நான்கு நாள்களில் திருப்பித் தந்தாள். பிழைகள் எல்லாம் சிவப்பு மையில் திருத்தப்பட்டிருந்தன. பத்தொன்பதாம் அத்தியாயத்தில் மட்டும் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி இருந்தது. கதாநாயகியின் தந்தை மாப்பிள்ளை வீட்டாருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வருகிறார். அவள் தலைகுனிந்து நிற்கிறாள். தந்தையின் கண்கள் பனிக்கின்றன. இதுதான் அந்த இடம்.

“இதில் என்ன பிழை?” என்று கேட்டோம்.

“பிழை இல்லைங்கத்தா. இந்தப் பொண்ணுகிட்ட யாரு கேட்டாங்கன்னு தேடிப் பார்த்தேன். முன்னாடி அத்தியாயத்துலயும் இல்லை, பின்னாடியும் இல்லை.”

சற்று நேரம் பேசாமல் நின்றவள், “என்கிட்டயும் கேக்கலைங்கத்தா. எனக்கு இந்த இடம் வேண்டாம்” என்றாள்.

காரணம் கேட்டோம். பையனைக் குறை சொல்லவில்லை. இரு வீட்டாரும் பேசிக்கொண்டிருந்தபோது அவன் அவளிடம் இரண்டு வார்த்தை பேசினானாம். அதில் அவளுடைய வேலையை விடுவதைப் பற்றி, அது முன்பே தீர்மானமாகிவிட்ட காரியம் போலச் சொன்னானாம். இவ்வளவுதான். நமக்குச் சினம் வந்தது. கொடுத்த வாக்கு என்னாவது, ஜமாஅத்தில் தலை நிமிர்ந்து நடப்பது எப்படி, நாளைக்கு யார் நம் வாசலுக்கு வருவார்கள் என்றெல்லாம் பேசினோம். மூன்று நாள் மகளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறருடைய மகள்களின் மனத்தை முப்பது ஆண்டுகளாக எழுதியவன் தன் மகளின் மனத்தைக் கேட்ட முதல் நாளில் நடந்துகொண்ட விதம் இது. எழுதக் கூசுகின்றது, எனினும் எழுதாமல் விட்டால் இக்கட்டுரைக்குப் பொருளில்லை.

மூன்றாம் நாள் இரவு இல்லாள் சோறு பரிமாறிவிட்டு அருகில் உட்கார்ந்தார். சண்டை போடவில்லை. “என்னையும் அன்னிக்கு யாரும் கேக்கலைங்க. கேட்டிருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா கேக்கலை” என்றார். அவ்வளவுதான் சொன்னார், ரசம் ஊற்றட்டுமா என்று கேட்டார். நமக்குத் திருமணமாகி முப்பத்திரண்டு ஆண்டுகள். இத்தனை ஆண்டுகளில் இதை அவர் சொன்னதில்லை. அன்று உண்ட சோறு தொண்டையில் இறங்கவில்லை.

மறுநாள் மஃரிபுக்குப் பிறகு பள்ளிவாசல் ஹஜ்ரத் அவர்களிடம் சென்று உட்கார்ந்தோம். உள்ளபடி சொல்வதானால், நமக்கு ஆதரவாக ஒரு சொல் கிடைக்கும் என்ற எண்ணத்துடன்தான் சென்றோம். “கன்னிப் பெண்ணின் மௌனமே சம்மதம் என்று ஹதீஸ் இருக்கிறதே ஹஜ்ரத், அவள் அன்று மௌனமாகத்தானே போனாள்?” என்று கேட்டோம்.

அவர் சிரித்தார். “ஹதீஸின் பின்பாதியை மட்டும் கொண்டு வந்திருக்கிறீர்கள்” என்றார். கன்னிப் பெண்ணிடம் அனுமதி கேட்கப்பட வேண்டும் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அருளினார்கள். அவள் வெட்கப்படுவாளே என்று வினவப்பட்ட பின்னரே, அவளுடைய மௌனம் அனுமதியாகும் என்ற விடை வந்தது. முதலில் கேள்வி, பிறகு மௌனம். கேட்ட பிறகு வருகின்ற மௌனத்துக்குத்தான் சம்மதம் என்று பெயர். கேளாத இடத்தில் இருப்பது வெறும் மௌனம். நமது ஹனஃபி மத்ஹபின்படி பருவமடைந்த பெண்ணை அவளுடைய இசைவின்றி மணமுடித்து வைக்க வலிக்கு அதிகாரமில்லை என்பதையும் அவர் நினைவூட்டினார். நிக்காஹ் அன்று வக்கீலும் இரு சாட்சிகளும் பெண்ணிருக்கும் அறைக்குச் சென்று வருகிறார்களே, அது வெறும் சடங்கன்று. அந்த வாயிலில் பெண்ணின் சொல்லுக்காக ஆண்கள் காத்து நிற்கிறார்கள் என்றார்.

பின்னர் இரண்டு வரலாறுகளைச் சொன்னார். ஒன்று, அன்ஸாரிப் பெண்மணியான கன்ஸா பின்த் கிதாம் (ரலி) அவர்களுடையது. முன்பே மணமாகியிருந்த அவரை அவர் விரும்பாத இடத்தில் தந்தை மணமுடித்து வைத்தார். அவர் பெருமானாரிடம் வந்து முறையிட்டார். அந்த மணம் செல்லாது என்று நீக்கப்பட்டது.

மற்றொன்று பரீரா (ரலி) அவர்களுடையது. அடிமைத் தளையிலிருந்து விடுதலை பெற்ற அவருக்கு, அடிமையாகவே இருந்த கணவர் முகீதுடன் வாழ்வதா பிரிவதா என்று தேர்ந்துகொள்ளும் உரிமை வந்தது. அவர் பிரிவைத் தேர்ந்தார். முகீதோ மதீனத்துத் தெருக்களில் தாடி நனையக் கண்ணீர் வடித்தபடி அவருக்குப் பின்னே நடந்தார். அந்த அன்பையும் இந்த விருப்பமின்மையையும் கண்டு வியப்பாக இல்லையா என்று பெருமானார் தம் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்களிடம் கூறினார்கள். பரீராவிடமும் அவரைத் திரும்ப ஏற்றுக்கொள்ளலாமே என்று எடுத்துச் சொன்னார்கள். இது கட்டளையா என்று பரீரா கேட்டார். இல்லை, பரிந்துரையே என்று பெருமானார் கூறினார்கள். அப்படியானால் அவர் எனக்குத் தேவையில்லை என்று பரீரா சொல்லிவிட்டார். அதற்குமேல் எவரும் அவரை வற்புறுத்தவில்லை.

ஹஜ்ரத் அவர்கள் இதைச் சொல்லி முடித்தபோது இஷா பாங்கு ஒலித்தது. தொழுது முடித்து வீட்டுக்கு நடக்கையில் நமது நாவல்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தோம். எல்லாவற்றிலும் முகீதின் கண்ணீர் இருந்தது. பரீராவின் சொல் ஒன்றிலும் இல்லை. விரும்பும் பெண் இருந்தாள். காத்திருக்கும் பெண் இருந்தாள். உருகும் பெண் இருந்தாள். மறுக்கும் பெண்ணை நாம் எழுதியதில்லை. மறுக்க இயலாதவளின் சம்மதத்தை எப்படிக் காதல் என்று அழைத்தோம்? இளமையில் நாம் விரும்பிப் படித்த கொங்குநாட்டு நாவல் ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’. 1942இல் வந்தது. கணவனை இழந்த ஒரு பெண் எனக்குரிய நிலத்தைப் பிரித்துக் கொடு என்று கேட்பதுதான் அதன் கதை. நமது மண்ணின் எழுத்திலே பெண் வாய் திறந்து கேட்டு எண்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. அதைப் படித்தும் நாம் கற்றுக்கொண்டது ஊர்ப்பேச்சை எழுதும் முறையை மட்டுமே.

வெள்ளிக்கிழமை காலை பொள்ளாச்சி வண்டியில் ஏறினோம். அகலப்பாதைப் பணிக்காகப் பல ஆண்டுகள் மூடிக் கிடந்து 2017இல் மீண்டும் திறக்கப்பட்ட பாதை அது. கிணத்துக்கடவைத் தாண்டும்போது என்ன சொல்வது என்று மனத்துக்குள் பலவாறு எழுதிப் பார்த்தோம். கதைக்கு உரையாடல் எழுதிப் பழகியவனுக்கு அன்று ஒரு வாக்கியமும் சரியாக அமையவில்லை. அந்த வீட்டில் உட்கார்ந்து உள்ளதை உள்ளபடியே சொன்னோம். பிழை நம்முடையது, மகளிடம் கேளாமல் வாக்குக் கொடுத்துவிட்டோம், மன்னிக்க வேண்டும். பையனின் தந்தை நெடுநேரம் பேசவில்லை. தேநீர் வந்தது, குடித்தோம். வாசல் வரை வந்து வழியனுப்பியவர், “மொதல்லயே கேட்டிருக்கலாமுங்க” என்றார். அவர் குரலில் கோபமில்லை, வருத்தம் இருந்தது. அதற்கு நம்மிடம் மறுமொழி இல்லை. இன்றும் இல்லை.

திரும்பி வந்து மகளை அழைத்தோம். “உன்னிடம் கேட்டிருக்க வேண்டும்” என்று மட்டும் சொன்னோம். “சரிங்கத்தா” என்றாள். பிறகு, “பத்தொன்பதாம் அத்தியாயம்?” என்று கேட்டாள்.

அந்த அத்தியாயத்தைத் திரும்ப எழுதினோம். அது இருபத்தைந்து நாவல்களிலும் நாம் பட்ட பெரும்பாடு. தந்தை கேட்கிறார், அவள் ஒரு நாள் அவகாசம் வேண்டுகிறாள், மறுநாள் சம்மதம் சொல்கிறாள். கதை மாறவில்லை, முடிவும் மாறவில்லை. ஆனால் அவள் அந்த ஒரு நாள் முழுவதும் என்ன நினைத்தாள் என்பதை எழுத வேண்டியதாயிற்று. அதற்கு நமக்கு மூன்று வாரம் பிடித்தது. பெண்மனம் கைவந்த கலை என்று நம்பியிருந்த நாம் மகளிடமும் மனைவியிடமும் கேட்டுக் கேட்டுத்தான் எழுத வேண்டியிருந்தது. பதிப்பாளர் தாமதத்தைப் பொறுத்துக்கொண்டார். இன்னொரு மாற்றத்துக்குத்தான் தயங்கினார். அட்டையில் புனைபெயருக்குப் பதிலாக நமது இயற்பெயரைப் போடச் சொன்னோம். விற்பனை குறையும் என்றார். குறையட்டும் என்றோம். சித்தி ஜுனைதா பேகம் இருபத்தோரு வயதில் செய்ததை நாம் அறுபது வயதில் செய்தோம்.

விற்பனை ஓரளவு குறையத்தான் செய்தது. வாசகி ஒருவர், “முந்தைய கதைகளில் இருந்த இனிமை இதில் இல்லை, பெண் அதிகம் யோசிக்கிறாள்” என்று எழுதியிருந்தார். அந்த அம்மையார் சொல்வதிலும் உண்மை இருக்கலாம். கேட்பதும் காத்திருப்பதும் இனிமையைச் சற்றுக் குறைக்கத்தான் செய்கின்றன.

இதைப் படிக்கின்ற தந்தைமார்களுக்கு உபதேசம் செய்யும் தகுதி நமக்கில்லை. நல்ல இடம், நல்ல குடும்பம், கைக்கூலி இல்லை என்று எல்லாவற்றையும் விசாரிக்கின்றோம். விசாரிக்க வேண்டிய முதல் ஆள் நம் வீட்டு அடுக்களையிலேயே இருக்கிறாள் என்பதை மறந்துவிடுகின்றோம். அவள் கேட்டதும் சரியென்றே சொல்லக்கூடும். பெரும்பாலும் அப்படித்தான் சொல்வாள். அதனால் கேள்வி தேவையற்றதாகிவிடாது என்பதை நமது இல்லாள் ஒரு கரண்டி ரசத்துடன் நமக்கு உணர்த்தினார்.

சென்ற மாதம் உடுமலைப்பேட்டையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மகளிடம் கேட்டோம். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். இன்னும் சொல்லவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் நடைமேடையில் பிறர் காத்து நிற்பதைப் பார்த்திருந்த நாம் இப்போது காத்திருக்கின்றோம். அவளுக்கு எது நன்மையோ அதை அல்லாஹ் நாடுவானாக. பென்சில் கேள்விக்குறியுள்ள அந்த அச்சுப்படித் தாள் மேசை இழுப்பறையில் இருக்கின்றது. இருபத்தாறாவது நாவலை எழுத உட்காரும்போதெல்லாம் அதை ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொள்கின்றோம்.